இருமுனை உளநோயும் அதன் வகைகளும்



இருபது வயது நிரம்பிய மகன் ஒருவன் வாழும் ஒரு வீட்டை மனத்திற் கொண்டு பாருங்கள். இயல்பில் அவன் அமைதியானவன்; அளந்து பேசுபவன். ஒரு மாசி மாதத்தில் அவன் மாறத் தொடங்குகின்றான். இரவு மூன்று மணிக்கே எழுந்து விளக்கேற்றி எழுத உட்காருகின்றான். மூன்று மணி நேரம் உறங்கினாலும் அவனுக்குக் களைப்பு இல்லை. பேச்சு ஊற்றுப்போலப் பெருகுகின்றது. ஒரே நாளில் நான்கு காரியங்களைத் தொடங்குகின்றான். நண்பர்களுக்கு வாரி வழங்குகின்றான். தந்தை மகிழ்ந்து, "தம்பிக்கு இப்பொழுதுதான் பொறுப்பு வந்திருக்கின்றது" என்று அயலாரிடம் கூறுகின்றார்.

சித்திரை பிறக்கும்போது அதே மகன் பாயைவிட்டு எழ மறுக்கின்றான். குளிக்க மனமில்லை; உண்ண மனமில்லை; தொடங்கிய நான்கு காரியங்களில் ஒன்றையேனும் தொட மனமில்லை. "உழைத்துக் களைத்தான், பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது" என்று தாய் கலங்குகின்றாள். "எல்லாம் சோம்பல்" என்று தந்தை சினக்கின்றார். மாசியில் வந்ததும் சித்திரையில் வந்ததும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கலாம் என்னும் எண்ணம் இருவருக்கும் தோன்றவில்லை. மாசியில் தந்தை நோயைப் புகழ்ந்தார். சித்திரையில் நோயாளியைப் பழித்தார்.

இந்த நோய்க்கு இன்று வழங்கும் பெயர் இருமுனை உளநோய் என்பது. உள்ளத்தின் எழுச்சி ஒரு முனை, சோர்வு மறுமுனை. இவ்விரண்டுக்கும் இடையே மனிதன் இழுபடுவதால் இப்பெயர் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இத்துணை பேரைப் பற்றிய நோய் ஒன்று, பெரும்பாலான வீடுகளில் பெயரறியப்படாமலே இருந்துவருகின்றது.

இன்பமும் துன்பமும் எல்லார்க்கும் உரியனவே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பரீட்சையிற் சித்தியெய்தியவன் துள்ளிக் குதிப்பதும், உற்றாரை இழந்தவன் உண்ணாதிருப்பதும் நோயல்ல. அவற்றுக்குக் காரணம் உண்டு; காரணம் விலகக் காலப்போக்கில் உள்ளமும் தன் நிலைக்கு மீளும். நோயின் எழுச்சியோ காரணத்தின் அளவுக்கு அடங்குவதில்லை. அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நின்று நிலைக்கின்றது. உறக்கம், பேச்சு, செலவு, தீர்மானம் ஆகிய அனைத்தையும் தன் வசப்படுத்திக்கொள்கின்றது. காலையிற் சிரித்து மாலையிற் சினப்பவரை இருமுனை நோயாளர் என்று கூறுவது பிழை. நோயின் பருவங்கள் மணிக்கணக்கில் அளக்கப்படுவனவல்ல.

இந்நோய் புதிதன்று. கிரேக்க மொழியில் எழுதிய கப்பதோக்கியா நாட்டு வைத்தியர் அரித்தேயஸ், கிறித்து சகாப்தத்தின் முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். எழுச்சி நோயையும் சோர்வு நோயையும் தொடர்புபடுத்தி எழுதியவர்களுள் மூத்தவராக அவர் கருதப்படுகின்றார். ஆயினும் பல நூற்றாண்டுகளாக அவ்விரண்டும் இரு வேறு நோய்களாகவே பெரும்பாலும் எண்ணப்பட்டன. 1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பரிஸ் நகர மருத்துவக் கழகத்தில், இரண்டு வார இடைவெளிக்குள் இரண்டு வைத்தியர்கள் எழுந்து, இவை ஒரே நோயே என்று தனித்தனியே கூறினர். பையார்ஜே என்பார் அதற்கு "இரட்டை வடிவப் பித்து" என்று பெயரிட்டார். பால்ரே என்பார் "வட்டப் பித்து" என்று பெயரிட்டார். யார் முதலில் கண்டார் என்னும் வழக்கு இருவரிடையே எழுந்தது. நோயாளருக்கோ அவ்வழக்கினும் அவ்வுண்மையே பெரிது.

பின்னர் 1899ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் எமில் கிறெப்பலின் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயையும், தனித்து வரும் சோர்வையும் ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்தார். அவர் நோயின் ஒரு நாட் கோலத்தை மட்டும் பார்க்கவில்லை. அது ஆண்டுக்கணக்கில் நடந்துசெல்லும் போக்கைப் பார்த்தார். வருவதும் விலகுவதும் மீண்டும் வருவதும் இந்நோயின் இயல்பென்று கண்டார். அவர் விரித்த குடை மிகப் பெரிது. 1957இல் மற்றொரு ஜேர்மனிய அறிஞரான காள் லெயோன்ஹாட், சோர்வு மாத்திரம் வருவோரை ஒருமுனையினர் என்றும், இரண்டும் வருவோரை இருமுனையினர் என்றும் பிரித்தார். 1966இல் சுவிற்சர்லாந்தில் ஜூல்ஸ் ஆங்ஸ்ட் என்பாரும், சுவீடனில் காலோ பெரிஸ் என்பாரும் தத்தம் ஆய்வுகளால் அப்பிரிவுக்கு வலுவூட்டினர். இருமுனை நோய் என்னும் பெயர் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் இடம்பெற்றது.

இனி அதன் வகைகளைக் காண்போர், முதலிற் சில சொற்களின் பொருளை மனத்திற் கொள்ளல் வேண்டும். எழுச்சியின் கடிய வடிவத்தை மேல்நாட்டார் மேனியா என்பர். அதனை இங்கே மிகையெழுச்சி எனலாம். அதன் மெல்லிய வடிவம் ஹைப்போமேனியா. அதனை மெல்லெழுச்சி எனலாம். மறுமுனையில் உள்ளது உளச்சோர்வு. இம்மூன்று சொற்களையும் கொண்டே வகைகள் அனைத்தையும் விளக்கிவிடலாம்.

முதலாம் வகைக்கு அடையாளம் மிகையெழுச்சி. அமெரிக்கக் கைந்நூலின்படி அது குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். அல்லது வைத்தியசாலையிற் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையாக இருத்தல் வேண்டும். உள்ளம் மிகக் களிக்கும், அல்லது எரிச்சல் கொள்ளும். உடலிற் சக்தி பொங்கும். உறக்கத்தின் தேவை குறையும். எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தியோடும். தன்னை மேம்பட்டவனாக மதிக்கும் செருக்குத் தோன்றும். விளைவை எண்ணாத செலவும், கடனும், தகாத உறவும், வேகமான வாகனமும் அதன் பின்னே வரும். சிலருக்குத் தாம் தெய்வத்தால் அனுப்பப்பட்டவர் என்பது போன்ற பொய்ந்நம்பிக்கைகளும், இல்லாத குரல் கேட்பதும் உண்டாகும். அத்தகையோரைப் பேய் பிடித்தவர் என்று எண்ணிப் பேயோட்டச் செல்லும் வழக்கமும் உண்டு. இவ்வகையினருள் மிகப் பெரும்பாலோர்க்கு உளச்சோர்வும் வருமாயினும், ஒரே ஒரு தடவை மிகையெழுச்சி வந்தாலே இவ்வகை உறுதியாகும்.

இவ்வகையினை உள்ளிருந்து கண்டு எழுதியவர் ஒருவர் உளர். அமெரிக்காவில் உளவியற் பேராசிரியராக விளங்கிய கே றெட்பீல்ட் ஜேமிசன் என்னும் அம்மையார் இந்நோயைப் பற்றிப் பெருநூல்கள் எழுதியவர். தமக்கும் அதே நோய் உண்டென்று 1995இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவர் உலகறியக் கூறினார். இளம் ஆசிரியையாகப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த சில மாதங்களிலேயே கடுமையான மிகையெழுச்சி அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அவர் வாங்கிக் குவித்த பொருள்களுள் பாம்புக்கடிக்கு முதலுதவி செய்யும் பெட்டிகளும் பல இருந்தன. அவற்றை வாங்கும்போது அச்செயல் அவருக்கு மிகவும் அவசியமானதாகத் தோன்றிற்று. நோயைக் கற்பிக்கும் கல்வியும் நோயிலிருந்து அவரைக் காக்கவில்லை. மருந்து தம் உள்ளத்தின் ஒளியைக் குறைக்கின்றதென்று எண்ணி அதனைப் பன்முறை நிறுத்தினார். பின்வந்த சோர்வில் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதன் பின்னர் மருந்தையும் உளவளத்துணையையும் விடாது கைக்கொண்டு, புகழ்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக உயர்ந்தார். நோய் உண்டு என்பதும், நிறைவான வாழ்வு உண்டு என்பதும் ஒருவரிடத்திலேயே மெய்யாகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இரண்டாம் வகை மறைந்து நிற்கும் வகை. இவ்வகையினர்க்கு மிகையெழுச்சி ஒருபோதும் வந்திராது. மெல்லெழுச்சி ஒரு முறையேனும், உளச்சோர்வு ஒரு முறையேனும் வந்திருக்கும். மெல்லெழுச்சி குறைந்தது நான்கு நாட்கள் நீடிப்பது. உறக்கம் குறையும், பேச்சு மிகும், துணிவு மிகும். ஆயினும் தொழில் கெடாது, அறிவு பேதலிக்காது, வைத்தியசாலைக்குச் செல்லும் தேவை வராது. பார்ப்பவர்க்கு அவர் நோயாளியாகத் தோன்றார், சுறுசுறுப்பானவராகவே தோன்றுவார். அவருக்கும் அக்காலம் தம் வாழ்வின் நற்காலமாகவே தோன்றும். நற்காலத்தைப் பற்றி எவரும் வைத்தியரிடம் முறையிடுவதில்லை. ஆகவே வைத்தியரைத் தேடி அவர் செல்வது சோர்வுக் காலத்தில் மட்டுமே. வைத்தியர் காண்பதும் சோர்வை மட்டுமே.

இவ்வகையைத் தனியே பிரித்துக் காட்டியவர்கள் டனர், கேர்ஷன், குட்வின் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், ஆண்டு 1976. உளச்சோர்வுக்காக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒரு சாராரின் கடந்த காலத்தில், வைத்தியசாலை வாசலைக் காணாத மெல்லெழுச்சிகள் இருந்தமை புலனாயிற்று. 1994இல் அமெரிக்கக் கைந்நூல் இரண்டாம் வகையைத் தனி நோயாக ஏற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலேயே அதற்குத் தனியிடம் வழங்கிற்று. பரிசில் 1854இல் தொடங்கிய உரையாடல் இவ்வளவு நீண்டது.

முதலாம் வகை பெரியது, இரண்டாம் வகை சிறியது என்று எண்ணுவது இயல்பு. அது பெரும் பிழை. ஜட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் நோயாளரை ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, வாரம் வாரமாகக் கணக்கெடுத்தனர். அதன் முடிவுகள் 2002இலும் 2003இலும் வெளிவந்தன. முதலாம் வகையினர் தம் வாரங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைச் சோர்வின் அறிகுறிகளோடு கழித்தனர். இரண்டாம் வகையினரோ ஏறக்குறையச் சரிபாதி வாரங்களை அவ்வாறு கழித்தனர். அவர்கள் மெல்லெழுச்சியில் இருந்த வாரங்கள் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மாத்திரமே. எழுச்சி மெல்லியதாக இருந்தது. சோர்வோ நீண்டு கிடந்தது. தற்கொலை அபாயமும் இவ்வகையில் முதலாம் வகைக்குக் குறைந்ததன்று. ஆகவே "உமக்கு இருப்பது இலேசான வகை" என்று எவரையும் ஆறுதற்படுத்துதல் ஆகாது.

மூன்றாவது வகையைச் சைக்கிளோதைமியா என்பர். ஜேர்மனிய அறிஞர் கால்பௌம் 1882இல் இதனை விவரித்தார். இவர்களிடம் மேடும் பள்ளமும் உண்டு. ஆயினும் மேடு மெல்லெழுச்சியின் முழு வடிவத்தையோ, பள்ளம் உளச்சோர்வின் முழு வடிவத்தையோ எட்டுவதில்லை. பெரியோர்க்கு இரண்டு ஆண்டுகளாயினும், சிறுவர்க்கு ஓராண்டாயினும் இந்நிலை நீடித்தாலே இப்பெயர் பொருந்தும். சுற்றத்தார் அவரை "ஒரு நேரம் போல் மறு நேரம் இராதவர்" என்று குணத்தின்மேல் ஏற்றிக் கூறிவிடுவர். அவர்களுட் சிலருக்குப் பிற்காலத்தில் முதலாம் வகையோ இரண்டாம் வகையோ வெளிப்படுவதும் உண்டு.

இம்மூன்றனுள் அடங்காத நிலைகளும் உள. சிலருக்குப் போதைப்பொருளாலும், சிலருக்கு ஸ்டீரொயிட் முதலிய மருந்துகளாலும், சிலருக்குத் தைரொயிட் சுரப்பி மிகுதியாகச் சுரப்பது போன்ற உடல்நோயாலும் எழுச்சி உண்டாகும். அதனாலேயே உளமருத்துவர் முதற் சந்திப்பில் இரத்தப் பரிசோதனைகளுக்கு அனுப்புகின்றார். அப்பரிசோதனைகள் பிற காரணங்களை விலக்குவதற்கு உதவும். இருமுனை நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இன்றுவரை இல்லை.

எவ்வகையிலும் வந்து சேரக்கூடிய இரண்டு கோலங்களையும் இங்கே கூறுதல் தகும். ஓராண்டுக்குள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நோய் எழுமாயின் அதனை விரைசுழற்சி என்பர். எழுச்சியின் துடிப்பும் சோர்வின் இருளும் ஒரே வேளையிற் கலந்து வருமாயின் அதனைக் கலப்பு நிலை என்பர். அழுதுகொண்டே ஓயாது உலாவுபவர், சாகவேண்டும் என்னும் எண்ணத்தோடு உறங்காது துடிப்பவர் இந்நிலையில் இருக்கக்கூடும். சோர்ந்து கிடப்பவனிடம் இல்லாத செயல்வேகம் இவர்களிடம் இருப்பதால், இந்நிலை மிக ஆபத்தானது; ஒரு நாளும் தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லப்பட வேண்டியது.

வகையை இத்துணை நுணுகிப் பிரிப்பதனால் நோயாளிக்கு என்ன பயன் என்னும் வினா இங்கே எழும். பயன் உண்டு, அது உயிரோடு தொடர்புடையது. தனிச்சோர்வுக்கு வைத்தியர் வழங்கும் மருந்தை இருமுனை நோயாளிக்குத் தனித்து வழங்கினால், அது சிலரைச் சோர்விலிருந்து தூக்கி, மிகையெழுச்சிக்குள்ளே எறிந்துவிடும். முதலாம் வகையினர்க்கு அம்மருந்தைத் தனியே கொடுத்தல் கூடாது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. சோர்வோடு வந்தவனின் கடந்த கால எழுச்சி வைத்தியருக்குத் தெரியாவிடின், அவர் எழுதும் மருந்துச் சீட்டு பிழையாகப் போகலாம். இந்நோய் தொடங்கி ஆண்டுகள் பல கழிந்த பின்னரே பலர் தம் நோயின் சரியான பெயரை அறிகின்றனர் என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

பரிசோதனைக் குழாயில் அகப்படாத இந்நோயின் வகையை எது காட்டும்? அந்த மனிதனின் வரலாறே காட்டும். அவ்வரலாற்றின் பாதியை அவனே கூறுவான். மறுபாதியை அவன் வீட்டார் கூற வேண்டும். எழுச்சியில் இருந்தவனுக்குத் தன் எழுச்சி நோயாகத் தெரியாது. அவன் உறங்காத இரவுகளை எண்ணியவள் தாய். அவன் பெற்ற கடனை அடைத்தவர் தந்தை. அவன் பேச்சின் வேகத்தை முதலிற் கண்டவள் மனைவி அல்லது தங்கை. இவர்களே இந்நோயின் சாட்சிகள். சாட்சி வாய் திறவாவிடின் தீர்ப்புப் பிழைக்கும்.

நோய்க்கு மருந்து உண்டா என்பது அடுத்த கேள்வி. அக்கதை அவுஸ்திரேலியாவிலே தொடங்குகின்றது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்து மீண்ட ஜோன் கேட் என்னும் வைத்தியர், மெல்பேண் நகரின் புறத்தே ஒரு சிறு வைத்தியசாலையிற் பணியாற்றினார். பெருங் கருவிகள் எவையும் இல்லாத ஓர் அறையில், கினிப்பன்றிகளைக் கொண்டு ஆய்வு நடத்தியபோது, லிதியம் என்னும் எளிய உப்பு அவற்றைச் சாந்தப்படுத்தியதைக் கண்டார். முதலிற் தாமே அதனை உட்கொண்டு பார்த்தார். பின்னர் மிகையெழுச்சியால் வருந்திய பத்துப் பேருக்கு வழங்கினார். ஆண்டுக்கணக்காகப் பூட்டிய வார்ட்டில் இருந்த முதல் நோயாளி, சில மாதங்களில் வீடு திரும்பித் தம் பழைய தொழிலிற் சேர்ந்தார். 1949இல் கேட் இதனை வெளியிட்டார்.

அந்த முதல் நோயாளியின் பிற்காலத்தையும் மறைத்தல் நியாயமன்று. வீடு சென்றவர் நலமெய்திவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்தினார், நோய் மீண்டது. மறுபடியும் மருந்து தொடங்கப்பட்டது. இறுதியில் அதன் நச்சு விளைவாலேயே 1950இல் அவர் இறந்தார். உயிரைக் காக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே லிதியத்தில் இருக்கும் தூரம் மிகக் குறுகியது. இரத்தத்தில் அதன் அளவை அறிந்துகொண்டே வழங்கும் முறை பின்னர் வளர்ந்தது. டென்மார்க்கில் மொகென்ஸ் ஷௌ என்னும் அறிஞர் 1954இல் முறையான ஒப்பாய்வு ஒன்றால் இம்மருந்தின் பயனை நிறுவினார். பிற்காலத்தில் அது நோய் மீளாது காப்பதையும் அவரும் அவர் தோழரும் காட்டினர். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்துகளுள் லிதியம் ஒன்று. தற்கொலையை அது குறைப்பதாகவும் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

லிதியம் உட்கொள்வோர் குறித்த காலங்களில் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைரொயிட் ஆகியவற்றின் நிலையையும் பரிசோதித்தல் வேண்டும். வயிற்றோட்டம், வாந்தி, கடும் வெயில் ஆகியவற்றால் உடலின் நீர் வற்றும்போது லிதியம் இரத்தத்தில் மிகும். ஐபுபுரொபென் முதலிய சில வலிநிவாரணிகளும் அதனை மிகுவிக்கும். கை கடுமையாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல் ஆகியன தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வல்புரோயேற் என்னும் மற்றொரு மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆதலின் குழந்தைப்பேற்றுக்கு வாய்ப்புள்ள பெண்களுக்கு அதனை இயன்றவரை வழங்காது வேறு மருந்துகளை வைத்தியர் தெரிவுசெய்வர். பிள்ளைப்பேற்றை அடுத்த வாரங்கள் இந்நோயுள்ள தாய்மார்க்குப் பேராபத்தான காலம். கருவுறுவதற்கு முன்னரே வைத்தியரோடு கலந்து திட்டமிடுதல் அறிவுடைமை. எந்த மருந்தையும் ஒருவர் தாமாகத் திடீரென நிறுத்துதல் எவ்வகையினர்க்கும் ஆகாது.

மருந்துக்குத் துணையாக நிற்பது ஒழுங்கு. உறக்கம் குறைவது எழுச்சியின் அறிகுறியாவது மட்டுமன்றி, எழுச்சியைத் தூண்டும் காரணமுமாகின்றது. நேரத்தோடு உறங்குதல், நேரத்தோடு எழுதல், மதுவையும் போதையையும் விலக்குதல் ஆகிய மூன்றும் இந்நோயாளிக்கு மருந்தின் பாதிபோல உதவும். பரீட்சைக்காக இரவிரவாக விழித்தல், திருவிழாவுக்காகப் பல இரவுகள் கண்விழித்தல் முதலியவை பிறர்க்குச் சிறு களைப்பு. இவர்க்கு ஒரு பருவத்தின் தொடக்கமாகலாம்.

நோய் பரம்பரையில் வருமா என்று பெண் கொடுப்போரும் பெண் எடுப்போரும் கேட்பதுண்டு. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டென்பது மெய். ஆயினும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவர்க்கு வாராதிருத்தல் உண்டு. ஆகவே பிறப்பே விதியன்று. திருமணம் செய்துவைத்தால் நோய் தீரும் என்னும் நம்பிக்கையோ இரு குடும்பங்களையும் துன்பத்துள் ஆழ்த்துவது. மறைத்துச் செய்த மணத்தில் முதலில் மறைக்கப்படுவது மருந்துப் புட்டி. மருந்து நின்றதும் நோய் வெளிப்படும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. "சாகவேண்டும் என்று தோன்றுகின்றதா?" என்று அன்போடு நேரே கேட்பது, தனித்துத் தவிப்பவனுக்குக் கதவு திறப்பதை ஒக்கும். ஆம் என்று விடை வருமாயின் அவனைத் தனியே விடாது, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். இலங்கையில் வாழ்வோர், அரசினர் வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளை நாடலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய அந்த வீட்டுக்கு மீண்டும் செல்லலாம். வைகாசி மாதத்தில் ஒரு நாள், தாயும் தந்தையும் மகனை வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றனர். மகன் தலை குனிந்து, "ஒன்றிலும் மனம் செல்லவில்லை, ஐயா" என்று மட்டும் கூறுகின்றான். வைத்தியர் தாளை எடுத்து எழுதத் தொடங்குகின்றார். அவ்வேளையில் தந்தை வாளாவிருந்தால், அந்தத் தாளில் தனிச்சோர்வு என்று எழுதப்படும். அவர் சற்றே துணிந்து, "ஐயா, இதற்கு முன்னர் மாசி மாதத்தில் இவன் வேறு மாதிரி இருந்தான். மூன்று கிழமை சரியாக உறங்கவில்லை, அப்பொழுது அதனை நல்லதென்றே எண்ணினோம்" என்று கூறுவாராயின், வைத்தியரின் பேனா நிற்கும். அவர் நிமிர்ந்து பார்த்து மேலும் கேட்பார். எத்தனை நாள், எவ்வளவு செலவு, எத்தகைய பேச்சு, குடும்பத்தில் வேறெவர்க்கேனும் இப்படி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

அக்கேள்விகளின் முடிவில் நோய்க்கு அதன் சரியான பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் உரிய மருந்தும் கிடைக்கும். மகனைச் சோம்பேறி என்று ஏசிய வாயே, "மருந்து குடித்தாயா, தம்பி? நேரத்தோடு படு" என்று பரிவோடு சொல்லும் வாயாக மாறும். அந்த மகன் படிப்பைத் தொடர்வதும் தொழில் செய்வதும் குடும்பம் நடத்துவதும் கூடும். அவனுக்கு வேண்டிய முதலுதவி, அவன் நன்றாயிருந்ததாகத் தோன்றிய அந்த மூன்று கிழமைகளையும் நினைவில் வைத்திருந்து, வைத்தியரின் முன் மறையாது எடுத்துரைக்கும் ஒரு வீடு.